அடைமழைக்கு வீட்டைத் தயார் செய்தது: வாறுகாலில் ஆரம்பித்து ஓட்டில் முடித்தோம்

கார்த்திகை அடைமழை ஒருவழியாக விட்டு, இன்றைக்குத்தான் கொல்லையில் துணி காய்கிறது. இந்தத் தடவை பட்டாசலுக்குள், அதாவது கூடத்துக்குள், தண்ணீர் வரவில்லை. அடுக்களையில் மட்டும் ஓரிடத்தில் சொட்டியது, அதைப் பிறகு சொல்கிறேன். என்ன செய்தோம், எவ்வளவு ஆனது, எது வீண் என்பதெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். மலையடிவாரத்தில் பழைய ஓட்டு வீடு வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும்.

வீடு திருநெல்வேலி மாவட்டத்தில் சிங்கம்பட்டிப் பக்கம். மேற்கே நிமிர்ந்தால் மாஞ்சோலை மலை. கீழே எங்களுக்கு வெறும் மூட்டமாக இருக்கும்போதே மேலே ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சியில் கொட்டிக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை மேகம் கடலிலிருந்து வந்து இந்த மலையில் முட்டினால் லேசில் நகராது. ஆனி, ஆடியில் வருகிற சாரல் வேறு, இது வேறு. சாரல் நனைத்துவிட்டுப் போய்விடும். இது நாள் கணக்கில் நிற்கும், இரவில்தான் வலுக்கும், அதோடு கரண்டும் போகும்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள், நியாயம்தான். ஆனால் எங்கள் வீடு ஆற்றுக்கு எட்டாத மேட்டில் இருக்கிறது. எங்களுக்குள் வந்தது பின்பக்கச் சரிவிலிருந்து இறங்கிய தண்ணீர். முன்வாசலில் மணல் மூட்டை அடுக்கி, நிலையில் பழைய சாக்கைத் திணித்துவிட்டு எல்லோரும் அங்கேயே காவல் நின்றோம். தண்ணீரோ அங்கணக்குழி (அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற இடம்) வழியாக உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. வெளியே வாறுகாலில் (தண்ணீர் வடிகிற கால்வாயில்) மட்டம் ஏறினால் குழாய் வழியாக உள்ளே திரும்பும் என்பது கண்ணால் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஒரு கொத்தனார் சொன்னபடி புறவாசல் படியை இரண்டு வரி செங்கல் வைத்து உயர்த்தி, பின்பக்கம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவரும் கட்டினோம். கிட்டத்தட்ட 9,000 ரூபாய். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வரவில்லை, சரி. ஆனால் சுவருக்குப் பின்னால் குளம் மாதிரி தேங்கி நின்றது. வீட்டுச் சுவர் பழையது, மண் சாந்தில் கட்டியது. அது அந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, உள்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "சுவத்த ஒசத்திட்டீரு, நல்லாத்தான் இருக்கு. தண்ணி எங்கனகூடி போகும்வே?" என்று கேட்டார். இந்த வருஷ வேலை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில்தான். வழக்கமாக எல்லோரும் ஓட்டில்தான் ஆரம்பிப்போம். நாங்கள் தண்ணீர் கடைசியாக வெளியேறுகிற இடத்தில் ஆரம்பித்து மேலே வந்தோம்.

ஆவணியில் மண் காய்ந்திருந்தபோது முதலில் செய்தது, ஒரு நோட்டில் கணக்குப் போட்டது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், இவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் சரிந்து வருகிற நிலம் ஏறக்குறைய 50 சென்ட், அதாவது 2,000 சதுர மீட்டர் சொச்சம். மணிக்கு 5 செ.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர், நொடிக்கு 28 லிட்டர். முதல் நாள் மண் பாதியைக் குடித்துவிடும். மூன்றாம் நாள் மண்ணுக்குக் குடிக்க இடமிருக்காது, பெய்வதெல்லாம் அப்படியே இறங்கும். ஒரு நாள் மழையில் ஒன்றும் ஆகாத வீடு அடைமழையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். இனி வெளியேறும் வழியைப் பார்த்தால், பாதைக்கு அடியில் என் அப்பா காலத்தில் போட்ட 6 இன்ச் குழாய். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் அதில் 18 லிட்டர்தான் போகும். அதிலும் பாதியை வாழைச் சருகு அடைத்திருந்தது. இதை வைத்துக்கொண்டு மேலே என்ன கட்டினாலும் வீண்.

அதை எடுத்துவிட்டு 12 இன்ச் சிமெண்டுக் குழாய் போட்டோம். குறுக்களவு இரண்டு மடங்கு, தண்ணீர் போகும் வழி நான்கு மடங்கு. இரண்டரை மீட்டர் நீளத்தில் இரண்டு குழாய், ஒன்று 2,300 ரூபாய், லோடு ஆட்டோ 700. பாதை எங்களுக்கும் அண்ணாச்சிக்கும் பொது, அதனால் கேட்க வேண்டியது அவரிடம் மட்டும்தான். "எம் வயல்ல கொண்டு விடாம நேரா ஓடையில விடும்" என்றார். ஓடை அங்கிருந்து குளத்துக்குப் போகிறது, யாருக்கும் வருத்தமில்லை. குழாயைத் தூக்குவது நடக்காத காரியம், நான்கு பேர் சேர்ந்தும் உருட்டத்தான் முடிந்தது. பள்ளத்தில் நாலு இன்ச் மணல் விரித்து, குழாயை இறக்கி, இணைப்பில் காலர் போட்டுச் சிமெண்டால் அடைத்து, மேலே ஒரு அடிக்குக் குறையாமல் மண் மூடினோம். பைக்கும் எப்போதாவது டிராக்டரும் போகிற பாதை, மண் குறைந்தால் குழாய் விரிசல் விடும். இரண்டு வாயிலும் கருங்கல் வைத்துச் சின்னச் சுவர் எழுப்பியாயிற்று, இல்லையென்றால் குழாய்க்கு வெளியே அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

அடுத்து வாறுகால். வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவரைத் தாண்டி ஆறடி தள்ளி, 60 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம். கண்ணால் பார்த்து வெட்டினால் நடுவில் எங்காவது தேங்கும். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூப் லெவலை வாங்கி, பத்தடிக்கு ஒரு இன்ச் சாய்வு என்று முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினேன். டியூபில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். பாதிவரை அடித்த முளைகளைப் பிடுங்கித் திரும்ப அடித்தது அதனால்தான். வெட்டிய மண்ணை வீட்டுப் பக்கம் மட்டும் போட்டு வரப்பாக மிதித்தோம். மலைப்பக்கம் போட்டால் வருகிற தண்ணீர் வாறுகாலுக்குள் இறங்காமல் மண்ணோரமாகவே போகும். இரண்டு ஆட்கள், மம்பட்டி, கடப்பாரை, கூலி 3,200. பாறை குறுக்கிட்ட ஒரு இடத்தில் உடைக்காமல் வளைத்துக்கொண்டு போனோம்.

சிக்கல் வந்தது மூலையில். வீட்டுக்கோடியில் வாறுகால் பாதைப்பக்கம் திரும்ப வேண்டும். நூல் பிடித்தாற்போல் அழகாக, நேர்மூலையாக வெட்டியிருந்தோம். ஐப்பசியில் ஒரு மழை, பெரிய மழைகூட இல்லை, தண்ணீர் வேகமாக வந்து நேரே மோதி அந்த மூலைக் கரையை உடைத்துக்கொண்டு அடுக்களைச் சுவருக்கே வந்துவிட்டது. மறுநாள் மூலையை எடுத்து நான்கடி ஆரத்தில் வளைவாக்கி, வெளிக்கரையில் தலையளவு கற்களைச் சாய்த்து அடுக்கினோம். சிமெண்டு போடவில்லை, கற்களுக்கிடையில் களிமண் திணித்ததோடு சரி. கார்த்திகை மழை முழுவதையும் அது தாங்கிவிட்டது. வளைவில் வெளிக்கரை உள்கரையைவிட அரை அடி உயரமாக இருக்க வேண்டும், தண்ணீர் திரும்பும்போது வெளிப்பக்கம்தான் ஏறுகிறது.

சருகு இன்னொரு தலைவலி. குழாய் வாயிலேயே கம்பி வலை வைத்தால் பத்து நிமிடத்தில் அடைத்துவிடும். வெல்டிங் பட்டறையில் 10 எம்.எம். கம்பியை மூன்று இன்ச் இடைவெளியில் வைத்து ஒரு சட்டம் செய்து வாங்கினேன், 1,400 ரூபாய். அதைக் குழாய்க்கு நான்கடி முன்னால், படுக்கைவாட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறது. சருகு அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது, அடியில் தண்ணீர் போகிறது. மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கம்பால் தள்ளிவிடவும் சுலபம். வாய்க்குள் கையை விட வேண்டியதில்லை. கையை விடக் கூடாது என்பது வேறு விஷயம், அடைமழையில் பாம்பும் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

அங்கணத்துக் குழாயின் வெளிமுனையில் நாலு இன்ச் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று, 1,150 ரூபாய். உள்ளே ஒரு தட்டு தொங்கும், தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், உள்ளே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். கிடைமட்டத்தில் வைக்க வேண்டும், கீல் மேல்பக்கம் இருக்க வேண்டும். சோற்றுப் பருக்கை, தேயிலைச் சக்கை ஒட்டினால் தட்டு முழுதாக மூடாது. அதனால் மழை அறிவிப்பு வந்ததுமே மூடியைக் கழற்றிக் கழுவிவிடுவது என்று வைத்திருக்கிறோம். வால்வு வாங்க வசதியில்லை என்றால் துணி சுற்றிய தேங்காய் மட்டையை உள்ளிருந்து இறுக்கி அடித்துவிடலாம், ஆச்சி காலத்து வைத்தியம். அப்போது பாத்திரம் கழுவத்தான் இடமிருக்காது.

இத்தனைக்கும் பிறகுதான் ஓடு. ஓட்டைத் தாங்குகிற கைமரம் எல்லாம் பனங்கை (பனைமரச் சட்டம்), வைரம் பாய்ந்தது, அதில் குறையில்லை. குறை குரங்கால். மலையிலிருந்து கூட்டமாக இறங்கி, முருங்கையிலிருந்து ஓட்டுக்குத் தாவும்போது எப்போதும் ஒரே இடத்தில்தான் குதிக்கின்றன, அங்கேதான் உடைகிறது. முருங்கைக் கிளையை வெட்டியதுதான் ஓட்டு வேலையிலேயே மிகப் பயனுள்ளது, செலவும் இல்லை. விரிசலைக் கண்டுபிடிக்க உச்சிவெயிலில் ஜன்னல், கதவெல்லாம் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பார்க்க வேண்டும். வெளிச்சம் பொட்டாகத் தெரிகிற இடத்துக்குப் பக்கத்துச் சட்டத்தில் சாக்பீஸால் குறி. ஆனால் வெளிச்சம் வராத இடத்திலும் ஒழுகும். ஓடு மேலும் கீழும் சரியாகக் கவ்வாமல் இருந்தால் நேர்மழையில் ஒன்றும் தெரியாது, காற்றடித்துச் சாய்வாகப் பெய்யும்போது ஏறி உள்ளே வரும். அதற்கு ஒருவர் மேலே ஓஸ் பிடிக்க, ஒருவர் கீழே பார்க்க வேண்டும். ஓஸை அடிவரிசையில் ஆரம்பித்து மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே ஒழுகுகிறது என்றே பிடிபடாது.

இடித்த வீட்டு ஓடு 22 ரூபாய் என்று 60 வாங்கினேன். வாங்கும்போது நம் வீட்டு ஓட்டில் ஒன்றைக் கையில் கொண்டுபோய், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனி அச்சும் கொஞ்சம் மாறும், கவ்வுகிற பள்ளம் ஒரு நூல் விலகினாலும் அந்த வரிசையே எழும்பி நிற்கும். 60-இல் பத்துப் பன்னிரண்டு சேரவில்லை, அவற்றை மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டாயிற்று. முகட்டு ஓடு எட்டு, ஒன்று 90. பழைய சாந்தை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, புது ஓட்டைத் தொட்டித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துத்தான் பதித்தோம். காய்ந்த ஓடு சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு பிடிக்காது. ஓட்டுவேலைக் கூலி 2,200.

வீடு கிழக்குப் பார்த்தது. இந்த மழைக்குக் காற்று வடகிழக்கிலிருந்து வரும், தார்சா (முன்பக்கத் தாழ்வாரம்) முழுக்க நனையும். கெட்டித் தார்ப்பாய் ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கி, கீழ்விளிம்பில் பழைய பி.வி.சி. குழாயைச் சொருகிச் சுருட்டித் தொங்கவிட்டோம். கீழே இழுத்து இறுக்கிக் கட்டினால் காற்று கிழித்துவிடும், ஒரு சாண் ஆட இடம் விட வேண்டும்.

கரண்டுக்குப் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, இருக்கிற இன்வெர்ட்டரையே கணக்காகப் பயன்படுத்தினோம். 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 12 வோல்ட்டில் 1,800 வாட்-மணி, கைக்கு வருவது ஆயிரத்து முந்நூறு, நானூறு. பழைய ஃபேன் ஒன்றே 75 வாட் தின்னும். 9 வாட் பல்பு மூன்று எரிந்தால் 27 வாட்தான். அடைமழையில் ஃபேன் எதற்கு, கொசுவலை போதும். லைட்டும் செல்போன் சார்ஜும் மட்டும் என்றால், இரவில் மட்டும் எரித்து மூன்று நாளை நெருங்க ஓட்டலாம். மோட்டார் இதில் ஓடாது, ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் இன்வெர்ட்டர் அணைந்துவிடும். அதனால் ஆரஞ்சு எச்சரிக்கை என்று கேட்டவுடனே மாடித் தொட்டி, அண்டா, குத்துப்போணி எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். மழைநீர்தான் கொட்டுகிறதே என்று நினைக்கலாம், 600 சதுர அடி ஓட்டில் 10 செ.மீ. பெய்தால் 5,500 லிட்டர், உண்மைதான், கழுவவும் கக்கூசுக்கும் அதுவே தாராளம். குடிக்க மட்டும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான். செல்போன் டவரை நம்ப முடியாது, டீசல் தீர்ந்தால் அதுவும் படுத்துவிடும். பேட்டரி ரேடியோ ஒன்று வைத்திருக்கிறோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை அம்மா காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.

விறகு, அரிசி, பருப்பு, வத்தல், கருவாடு, அம்மாவின் மாத்திரை இதெல்லாம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். விறகை மட்டும் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் அடுக்கியிருக்கிறது. ஈரமும் ஏறாது, அடியில் என்ன கிடக்கிறது என்றும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். வாழைக்கு முட்டுக் கொடுத்தது தனிக் கதை, ஏத்தன் பாதி சாய்ந்துவிட்டது, அதைப் பற்றி எழுத இப்போது மனசில்லை.

மழை வந்தபோது நேர்ச்சுவர் கொண்ட பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்த வெளியில் கல்லுக்கு நடுவே வைத்து, வானிலைக்காரர்களைப் போலவே காலை 8.30-க்கு அளந்தேன். அதிகபட்சம் ஒரு நாளில் 14 செ.மீ. மிகக் கனமழை என்று அவர்கள் சொல்கிற 11.6 முதல் 20.4 செ.மீ. கணக்குக்குள் வருகிறது. அன்று இரவு வாறுகாலில் முக்கால் அடி ஆழத்துக்குத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. குழாயில் பாதிகூட நிரம்பவில்லை. அங்கணத்தில் காதை வைத்தால் வால்வுத் தட்டு டக் டக்கென்று அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்கவே இல்லை. ஆனால் 2023 மாதிரி ஒரு மழைக்கு இது தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அளவு வந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்லிடைக்குறிச்சியில் சித்தப்பா வீட்டு மாடிக்குப் போவதுதான் ஏற்பாடு.

அடுக்களையில் சொட்டியது புகைபோக்கி ஓட்டைத் தாண்டி மேலே போகிற இடம். அங்கே வெறும் சிமெண்டு பூசியிருந்தோம். அடுப்புச் சூட்டில் விரிந்து, மழையில் சுருங்கி, முடியளவு கோடு விழுந்துவிட்டது. அங்கே சாந்து நிற்காது, தகரத்தை மடித்து மேல் ஓட்டுக்கு அடியில் சொருகிக் கீழ் ஓட்டின்மேல் படிய விட வேண்டும். முன்னூறு, நானூறு ரூபாய் வேலை.

மொத்தம் 21 ஆயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கிறது, சிமெண்டு, மணல், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து. திரும்பச் செய்வதாக இருந்தால் வாறுகாலை இரண்டடி அகலமாக வெட்டுவேன், கூலியில் பெரிய வித்தியாசம் வராது, உள்ளே இறங்கி மண் வாரவும் வசதி. சருகுச் சட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன மண்பொறிக் குழியும் வேண்டும், இப்போது குழாய்க்குள் மூன்று இன்ச் வண்டல் படிந்திருக்கிறது. தடுப்புச் சுவரில் தரைமட்டத்தில் இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டுவிடப் போகிறேன். உப்பிய பூச்சைச் சுண்ணாம்பில்தான் பூச வேண்டும் என்று அண்ணாச்சி சொல்கிறார், சிமெண்டு பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறாதாம். பங்குனி வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். ஓடு மட்டும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், புரட்டாசியில் போய்க் கேட்டால் இருக்காது, இருந்தாலும் 22-க்குக் கிடைக்காது.